வலி இல்லாத கிழிசல்

மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலை ஜவுளிக் கடைகளில் துணி கிழிப்பதைக் கவனித்திருப்பீர்கள். ஓரத்தில் கத்தரிக்கோலால் ஒரு சின்ன வெட்டு. பிறகு இரண்டு கையாலும் இழுத்தால் சர்ரென்று போய்விடும். வெட்டு இல்லாமல் பயில்வானுக்கும் சிரமம்தான். கிரிஃபித் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1921இல் கண்ணாடியை வைத்து இதைத்தான் விளக்கினார்: கண்ணுக்குத் தெரியாத விரிசல்களே பொருளின் வலிமையைத் தீர்மானிக்கின்றன. கல்லூரியில் பரீட்சைக்காகப் படித்தது, அப்பாவின் எம்ஆர்ஐ படத்தைப் பார்த்தபோதுதான் உறைத்தது.

சேலையூரில் கடை ஷட்டரை முப்பது வருஷம் ஏற்றி இறக்கிய தோள் அது. கைஎலும்பின் தலையை நான்கு தசைகளின் நாண்கள் பட்டைபோலச் சுற்றிப் பிடித்திருக்கின்றன. மேலே ஓடும் சுப்ராஸ்பினேட்டஸ்தான் பெரும்பாலும் முதலில் கிழியும். சில நார்கள் அறுந்தால் அவற்றின் பாரம் பக்கத்து நார்களுக்குப் போகிறது. கிழிசலின் விளிம்பில் இருப்பவைக்கே அதிகச் சுமை. அவையும் அறுந்தால் அடுத்தவை. முழுதாக அறுந்தால் தசை அந்த முனையை உள்ளே இழுத்துக்கொள்ளும். வேலையில்லாத தசை மெலிந்து அதில் கொழுப்பு படியும். பிறகு தைத்தாலும் அது பெரிதாக மாறாது. கீழே அழுத்திப் பிடிக்க ஆளில்லாததால் எலும்பின் தலை மேலே ஏறி உரசும்.

இதில் எங்கேயும் வலி என்ற சொல் வரவில்லை. சிக்கலே அதுதான்.

“ஊசி போட்டதும் வலி போயிடுச்சுடா. அப்ப ஆறிடுச்சுன்னுதானே அர்த்தம்?”

“வலி போறது வேற, நாண் ஒட்டுறது வேறப்பா.”

“முரளிதரன் தோள்ல ஆபரேஷன் பண்ணிக்கிட்டு ஆடலையா?”

ஆடினார். 2004இல் அறுவை சிகிச்சை. 2010இல் 800 விக்கெட்டோடு டெஸ்டிலிருந்து ஓய்வு. ஆனால் அறுபத்தெட்டு வயது நாண் வேறு.

அதற்காகக் கிழிசல் எல்லாம் துணிபோல ஓடிவிடுவதில்லை. நாணுக்குள் குறுக்கே தடித்த நார்க்கற்றை ஒன்று உண்டு. அமெரிக்க மருத்துவர் பர்க்கார்ட் 1990களில் அதைத் தொங்குபாலத்தின் வடத்துக்கு ஒப்பிட்டார். வடம் தாங்கும்வரை நடுவில் ஓட்டை இருந்தாலும் பாரம் இரு முனைகளுக்கும் கடத்தப்படும். மற்ற தசைகளைப் பழக்கினால் பலர் கத்தி படாமலே காலம் தள்ளுகிறார்கள்.

அப்பாவுடையது பாதிக் கிழிசல். டாக்டர் சொன்ன கெடு ஆறு மாதம். பிறகு மறுபடி ஸ்கேன். இப்போது ஷட்டரைக் கடைப்பையன் தூக்குகிறான். அப்பா ரப்பர் பட்டையை ஜன்னல் கம்பியில் கட்டி, முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்து இழுக்கிறார். வலிக்கிறதா என்று நான் கேட்பதில்லை. கை எவ்வளவு உயரம் போகிறது என்றுதான் பார்க்கிறேன்.