ஆச்சியின் தலையணைக்குக் கீழே ஒரு குறுஞ்செய்தி

கொஞ்சம் நீளமான பதிவு. தேத்தண்ணி ஒன்றை ஊற்றிக்கொண்டு வந்து உட்காருங்கள்.

டித்வா புயல் வந்துபோன 2025 நவம்பர் இறுதியை யாரும் மறந்திருக்க மாட்டோம். யார் எவ்வளவு இழந்தார் என்று இங்கே பட்டியல் போடப் போவதில்லை. அந்த இரவில் நமது கைபேசிகள் என்ன செய்தன, என்ன செய்யவில்லை என்பதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிப்பிக்கிற ஆட்களாக இருந்தும், அன்று வரைக்கும் நாம் இதை ஒழுங்காக யோசித்துப் பார்த்ததில்லை.

எமது வீட்டுக்கு இரண்டு வளவு தள்ளி ஒரு ஆச்சி இருக்கிறா. கோயிலுக்குப் பூக்கட்டிக் கொடுக்கிறவ, தனி ஆள். அவவிடம் ஒரு பட்டன் போன். தண்ணீர் ஏறத் தொடங்கிய பிறகு, இடுப்பளவு வெள்ளத்தில் போய் அவவைக் கூட்டிக்கொண்டு வந்தோம். இரண்டு ஆடு போய்விட்டது. மனுசனின் மரணப் பத்திரம் இருந்த தகரப் பெட்டியும் போய்விட்டது. அடுத்த நாள் அந்தப் போனை வாங்கிப் பார்த்தால், முதல்நாள் பின்னேரமே எச்சரிக்கைச் செய்தி வந்து கிடக்கிறது, சிங்களத்தில். எவ்வளவோ நேரம் இருந்திருக்கிறது. ஆடுகளையும் பெட்டியையும் தூக்கிக்கொண்டு ஆறுதலாக நடந்தே வந்திருக்கலாம்.

“ஏன் ஆச்சி, யாரிடமும் காட்டவில்லையா?” என்று கேட்டோம்.

“கம்பெனிக்காரன் காசு போடச்சொல்லி அனுப்புறதெண்டு நெனச்சன் மகள். ஒவ்வொரு நாளும் வருதுதானே. தலகாணிக்குக் கீழ வச்சிட்டுப் படுத்திட்டன்.”

அந்தச் செய்தி எங்கிருந்து வந்தது என்று எழுதவில்லை. சண்டை பிடிப்பதற்காக எழுதும் பதிவல்ல இது. ஆனால் அவவின் பதிலைக் கேட்ட நாளிலிருந்து அது மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது. டவர் வேலை செய்தது. போன் வேலை செய்தது. செய்தியும் நேரத்துக்கு வந்தது. ஆனால் எச்சரிக்கை போய்ச் சேரவில்லை.

இதைப் பற்றி நமது நாட்டிலேயே எவ்வளவோ ஆராய்ச்சி நடந்திருக்கிறது என்பது தேடிப் படித்த பிறகுதான் எமக்குத் தெரியவந்தது. 2004 சுனாமிக்குப் பிறகு லேர்ன்ஏசியா என்ற கொழும்பு ஆய்வு நிறுவனமும் சர்வோதயமும் சேர்ந்து, 32 கரையோரக் கிராமங்களில் ஒரு பரிசோதனை செய்தன. அதன் பெயர் ஹாஸ்இன்ஃபோ. கொழும்பிலிருந்து ஒரு எச்சரிக்கையைக் கடைசிக் கிராமத்து மனிதர் வரைக்கும் கொண்டு சேர்க்க எந்தக் கருவி நல்லது என்பதுதான் கேள்வி. செய்மதி வானொலி, செய்மதி இணையம், கம்பியில்லா வீட்டுத் தொலைபேசி, தூரத்திலிருந்து ஒலிக்கவைக்கும் அலாரப் பெட்டி, மென்பொருள் ஏற்றிய கைபேசி என்று ஐந்து வகையைக் கொடுத்துப் பார்த்தார்கள். அந்தக் கைபேசி மென்பொருள் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் செய்தியைக் காட்டியது. ஸ்மார்ட் போன் எல்லோர் கைக்கும் வராத காலத்தில் நமது நாட்டுப் பொறியியலாளர்கள் செய்த வேலை அது.

அதே சுனாமியிலிருந்து பிறந்த இன்னொன்று சஹானா. காணாமல் போனவர்கள், முகாம்கள், நிவாரணப் பொருட்கள் எல்லாவற்றையும் பதிந்து வைக்கும் திறந்த மூல மென்பொருள். இங்கே அவசர அவசரமாக எழுதப்பட்ட அந்த மென்பொருள் 2005 பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் 2010 ஹெயிட்டியிலும் பயன்பட்டது. 2009இல் மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தில் இருந்த கைபேசி ஆய்வுகூடம், டயலொக், மைக்ரோஇமேஜ், அனர்த்த முகாமைத்துவ நிலையம் எல்லாம் சேர்ந்து டியூன் என்ற எச்சரிக்கை வலையமைப்பைத் தொடங்கின. அதில் குறுஞ்செய்தியும் உண்டு, செல் புரோட்காஸ்ட் என்ற கலம் வழி ஒலிபரப்பும் உண்டு. இரண்டாவதைக் கொஞ்சம் விளக்கவேண்டும். பிள்ளைகளுக்கு வகுப்பில் சொன்ன மாதிரியே சொல்கிறோம்.

பள்ளிவாசலில் ஜனாஸா அறிவித்தல் எப்படிச் செய்கிறோம்? ஒருமுறை மைக்கில் சொன்னால் ஊர் முழுக்கக் கேட்கிறது. பத்துப் பேர் கேட்டாலும் பத்தாயிரம் பேர் கேட்டாலும் மைக்குக்கு ஒரே வேலைதான். செல் புரோட்காஸ்ட் அப்படி. டவர் ஒருமுறை சொல்கிறது, அதன் எல்லைக்குள் இருக்கும் போன் எல்லாம் கேட்டுக்கொள்கிறது. யாருடைய இலக்கமும் தேவையில்லை. வெளியூரிலிருந்து வந்து வாடியில் தங்கியிருக்கும் மீனவரின் போனுக்கும் வரும்.

குறுஞ்செய்தி அப்படியல்ல. அது வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டிச் சொல்கிற வேலை. ஒவ்வொரு இலக்கமாக வரிசையில் நிற்கவேண்டும். எல்லோரும் ஒரே நேரத்தில் “உம்மா எங்க இருக்கீங்க” என்று அழைப்பு எடுக்கும்போது அந்த வரிசை இறுகிப் போகும். 2012 ஏப்ரல் 11 ஞாபகமிருக்கிறதா? சுமாத்ராவுக்கு அப்பால் 8.6 நிலநடுக்கம் வந்து, பிற்பகலில் நமது கரையோரமெல்லாம் சுனாமி எச்சரிக்கை கொடுத்தார்கள். நாம் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்தோம். கடற்கரைப் பக்கம் இருந்த சாச்சி வீட்டுக்கு எத்தனை முறை அடித்தும் அழைப்புப் போகவே இல்லை. அன்று அலை வரவில்லை, அல்ஹம்துலில்லாஹ். வந்திருந்தால் அந்தப் போனால் எந்தப் பிரயோசனமும் இருந்திருக்காது.

செல் புரோட்காஸ்ட்டில் இன்னொரு நன்மை, அது சாதாரணச் செய்திபோல சத்தமில்லாமல் வந்து விழாது. அதை ஏற்கிற ஸ்மார்ட் போன், சைலன்ட்டில் கிடந்தாலும் தனிச் சத்தத்தோடு அலறவைக்க முடியும். 2023இல் இந்தியாவில் சோதனைக்காக அனுப்பியபோது தமிழ்நாட்டுக் கைபேசிகளும் ஒரே நேரத்தில் அலறின. சிலர் பயந்து போனைத் தூக்கி வைத்துவிட்டார்களாம். ஆனால் கம்பெனி விளம்பரம் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

இனி மொழிக்கு வருவோம். இதுதான் எமது தரம் 10 பிள்ளைகள் மிகவும் ரசித்த பாடம்.

கரும்பலகையில் “வெள்ளம்” என்று எழுதி எத்தனை எழுத்து என்று கேட்டோம். நான்கு என்றார்கள். வெ, ள், ள, ம். சரிதான். ஆனால் கைபேசி எண்ணினால் ஏழு. வ ஒன்று, எகரக் கொம்பு ஒன்று, ள ஒன்று, புள்ளி ஒன்று, திரும்ப ள ஒன்று, ம ஒன்று, அதன் புள்ளி ஒன்று. யுனிகோட்டில் தமிழ் அப்படித்தான் பிரித்து வைக்கப்பட்டிருக்கிறது. ஒரு குறுஞ்செய்தியில் ஆங்கிலத்தில் 160 எழுத்து எழுதலாம். தமிழில் எழுதினால் 70 துண்டுகள்தான். அதற்கு மேல் போனால் செய்தி இரண்டாக உடையும். உடைந்த செய்தியின் ஒரு பாதி பிந்தி வரலாம், வராமலும் போகலாம்.

செல் புரோட்காஸ்ட்டில் ஒரு பக்கத்துக்கு 82 பைட்டு. ஆங்கிலத்தில் 93 எழுத்து, தமிழில் ஏறத்தாழ 40 துண்டு. பதினைந்து பக்கம் வரை கோர்க்கலாம் என்பதால் அங்கே இடப் பிரச்சினை குறைவு. சிங்களத்துக்கும் இதே கதைதான், அதையும் சொல்லவேண்டும். எழுத்து அமைப்பில் நாம் இரு சாராரும் ஒரே படகில்தான் இருக்கிறோம்.

பிள்ளைகளிடம் ஒரு எச்சரிக்கை எழுதச் சொன்னோம். ஒருவர் “அன்பார்ந்த பொதுமக்களே” என்று தொடங்கினார். அதிலேயே 21 துண்டு போய்விட்டது. கடைசியில் பின்வாங்கு ஒன்றில் இருந்த பெண்பிள்ளை எழுதியது இது:

தெதுறு ஓயா பெருகுகிறது. உடனே மேட்டுக்குச் செல்லுங்கள்.

கையால் எண்ணினால் 26 எழுத்து. கைபேசிக் கணக்கில், இடைவெளி, முற்றுப்புள்ளி எல்லாம் சேர்த்து 54. மிச்சமிருக்கும் 16இல் எங்கே போவது என்று எழுதலாம். “முன்னேஸ்வரம்” என்ற சொல்லுக்கு மட்டும் 12 போகும். எந்தச் சொல்லை விடலாம், எதை விடக்கூடாது என்று பிள்ளைகள் அரை மணித்தியாலம் வாக்குவாதப்பட்டார்கள். அந்தச் சத்தத்தில் பக்கத்து வகுப்பு டீச்சர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனா.

தமிழுக்கும் மற்ற இந்திய மொழிகளுக்கும் சுருக்கமான எழுத்து அட்டவணை ஒன்றை உலகத் தரநிர்ணய அமைப்பு 3ஜிபிபி பல வருடங்களுக்கு முன்பே சேர்த்துவிட்டது. அதைப் பயன்படுத்தினால் தமிழிலும் ஆங்கிலத்துக்குக் கிட்டிய நீளத்தில் ஒரே செய்தியில் எழுதலாம். ஆனால் அனுப்புகிறவரின் மென்பொருளும் வாங்குகிறவரின் போனும் இரண்டுமே அதை அறிந்திருக்கவேண்டும். தரம் எழுதப்படுவது ஒன்று, ஆச்சியின் போனுக்கு வருவது இன்னொன்று.

இதெல்லாம் டவர் உயிரோடு இருக்கும்வரை. அன்று நள்ளிரவுக்குப் பிறகு எமது பக்கம் கவரேஜ் முற்றாகப் போய்விட்டது. கரண்ட் போனால் டவர் பெற்றரியில் சில மணித்தியாலம் ஓடும், பிறகு ஜெனரேட்டருக்கு எண்ணெய் வேண்டும், வெள்ளத்தில் யார் கொண்டுபோவது? கம்பியில்லாத் தொடர்பு என்கிறோம், ஆனால் டவரிலிருந்து அப்பால் பெரும்பாலும் கேபிள்தான். பாலம் உடைந்தால் அதன் ஓரமாகப் போகும் கேபிளும் உடையும்.

இதற்குத்தான் இப்போது உலகம் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு வழி, செய்மதியையே டவராக்குவது. சுமார் 550 கிலோமீற்றர் உயரத்தில், மணிக்கு 27,000 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுகிற செய்மதியோடு சட்டைப் பையில் இருக்கும் சாதாரணப் போன் பேசவேண்டும். வேகத்தால் அலைவரிசை வழுகும், அதைச் சரிக்கட்டவேண்டும். 2022இல் முடிந்த 3ஜிபிபியின் 17ஆம் வெளியீட்டில் இதற்கான விதிகள் வந்துவிட்டன. 2025 ஜூலையில் நமது நாட்டுக்கு வந்த ஸ்டார்லிங்க் சேவைக்குக் கூரையில் தட்டு வைக்கவேண்டும். நாம் சொல்வது தட்டே இல்லாத அடுத்த கட்டம்.

இன்னொரு வழி நமக்குக் கிட்டியது. 2007இல் கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியைச் சேர்ந்த கசுன் டி சொய்சா, சமத் கெப்பிட்டியாகம ஆகியோர் பஸ்நெட் என்று ஒரு ஆய்வை எழுதினார்கள். பஸ்ஸில் உணரியைப் பூட்டினால் ரோட்டுப் பள்ளங்களை அது அளக்கும். இணையம் தேவையில்லை, பஸ் தரிப்பிடத்துக்கு வரும்போது சேர்த்துவைத்த தகவலை இறக்கிவிடும். பஸ்ஸே கம்பி. (சிலாபம் ரோட்டில் ஓடியிருந்தால் அந்த உணரி முதல் நாளே பழுதாகியிருக்கும்.) தொடர்பு இல்லாத நேரத்தில் தகவலைச் சுமந்துபோய்ச் சேர்ப்பது என்ற அந்த எண்ணம் வெள்ளத்துக்கும் பொருந்தும். நிவாரணப் படகு வளவு வளவாகப் போகும்போது அதிலிருக்கும் ஒரு போன், இவர் உயிரோடு இருக்கிறார், இவருக்கு இன்சுலின் வேண்டும் என்ற செய்திகளைப் பொறுக்கிக்கொண்டு வரலாம். அன்று அதைத் துண்டுக் காகிதத்தில்தான் செய்தோம். பாதி நனைந்து வாசிக்க முடியாமல் போனது.

தெதுறு ஓயா குருநாகல் பக்கத்து மலையிலிருந்து வருகிறது. அங்கே கொட்டிய மழை சிலாபத்தில் கடலைத் தொடுவதற்கு முன் நமக்கு நேரம் இருக்கிறது. இடி மின்னல் மாதிரித் திடீரென்று வருவதல்ல. அதனால்தான் ஆச்சியின் தலையணைக்குக் கீழே கிடந்த அந்தச் செய்தி எமக்கு இவ்வளவு வலிக்கிறது.

கவரேஜ் போன பிறகு அன்று நடந்ததையும் எழுதிவிடுகிறோம். பள்ளிவாசல் ஜெனரேட்டரில் மைக் வேலை செய்தது. மோதினார் தமிழில் திரும்பத் திரும்ப அறிவித்தார். ஆற்றோரம் இருப்பவர்களில் பாதிப்பேர் சிங்களக் குடும்பங்கள் என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் யாருக்கோ உறைத்தது. நமது அறிவித்தலும் அவர்களுக்குத் தலையணைக்குக் கீழே போன செய்திதான். அங்கே ஒதுங்கியிருந்த எமது தரம் 10 மாணவன் ஒருவனை ஹாஜியார் கூப்பிட்டு மைக்கைக் கொடுத்தார். இரண்டாம் மொழிச் சிங்களத்தில் அவனுக்கு எப்போதும் நாற்பதுக்குக் கிட்டத்தான் புள்ளி. நடுங்கி நடுங்கிச் சொன்னான். இலக்கணம் பிழை. ஆனால் பதினைந்து நிமிடத்தில் அந்தப் பக்கத்திலிருந்து டோர்ச் வெளிச்சங்கள் வரிசையாக மேட்டை நோக்கி வரத் தொடங்கின.

இப்போது அவனும் இன்னும் சில பிள்ளைகளும் சேர்ந்து மூன்று அறிவித்தல்களை இரண்டு மொழியிலும் எழுதிவைத்திருக்கிறார்கள். பள்ளிவாசல் மைக்குக்குப் பக்கத்தில் ஒரு பிரதி ஒட்டியாகிவிட்டது. கோயில் அலுவலகத்துக்கும் சேர்ச்சுக்கும் விகாரைக்கும் கொடுக்கவேண்டும், யாராவது கூட வந்தால் நல்லது. சிங்களத்தை ஒருமுறை சரிபார்த்துத் தரக்கூடியவர்கள் உள்பெட்டியில் சொல்லுங்கள். வீட்டில் ஸ்மார்ட் போன் இருந்தால் செட்டிங்ஸில் அவசர எச்சரிக்கை என்ற பகுதியைத் திறந்து, அது அணைத்துக் கிடக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். உம்மும்மாமார், ஆச்சிமார் வைத்திருக்கும் பட்டன் போன்களைச் சனிக்கிழமை பின்னேரம் பாடசாலைக்குக் கொண்டுவாருங்கள், பிள்ளைகள் பார்த்துத் தருவார்கள்.

ஆச்சியின் போனில் முதலில் கை வைத்தோம். கம்பெனி விளம்பரங்களை நிறுத்தக் கேட்டு அனுப்பினோம், பாதி நின்றிருக்கிறது. மீதி இன்னும் வருகிறது. ஒவ்வொரு முறை சத்தம் கேட்கும்போதும் அவ இப்போது வேலிக்கு வந்து நின்று கூப்பிடுகிறா: “மகள், இது தண்ணியா, காசா?”