பம்ப்செட் லைனில் ஓடிய இழைப்பு மெஷின்

கும்மிடிப்பூண்டி பக்கம் நிலம் வைத்திருப்பவர்களுக்கு 2016 டிசம்பர் 12 மறக்காது. வர்தா புயல் அடித்த நாள். எங்கள் களத்து மேட்டில் நின்ற இரண்டு வேம்பும் ஒரு பூவரசும் அன்றைக்கு வேரோடு சாய்ந்தன. விறகுக்கு விலை கேட்டார்கள். அப்பா வைத்த மரங்கள், கொடுக்க மனசு வரவில்லை. பலகையாக அறுத்து, மாட்டுக் கொட்டகை ஓரம் அடுக்கி வைத்தேன்.

பலகை காய்ந்ததும் கதவு, கட்டில் எல்லாம் நானே செய்ய ஆசை. தச்சு வேலை ஓரளவு தெரியும். ஆனால், கை இழைப்புளியால் ஒரு பலகையை இழைத்து முடிப்பதற்குள் தோள் கழன்றுவிடும். சிப்காட் பக்கத்துப் பழைய இரும்புக் கடையில் ஒரு இழைப்பு மெஷின் கிடந்தது. 5 எச்.பி. மும்முனை மோட்டார். பேரம் பேசி டிராக்டரில் ஏற்றி வந்துவிட்டேன். அதற்கு மின்சாரம் எங்கிருந்து வரும் என்று மட்டும் யோசிக்கவில்லை.

வீட்டில் இருப்பது ஒருமுனை இணைப்பு. மும்முனை மின்சாரம் கிணற்று மோட்டாருக்குத்தான் வருகிறது. அங்கிருந்து கேபிள் இழுத்து மெஷினை ஓட்டினேன். நாலைந்து நாள் வெண்ணெய் மாதிரி இழைத்தது. ஒரு சாயங்காலம் லைன் இருமுனைக்கு மாறியது. ஸ்டார்ட்டரில்தான் கன்டென்சர் இருக்கிறதே என்ற தைரியத்தில் பலகையை உள்ளே விட்டேன். மோட்டார் ‘ம்ம்ம்’ என்று முனகியது. வார்னிஷ் கருகும் வாசனை வந்தபோது காயில் போய்விட்டது.

கிணற்று மோட்டாருக்குக் கணக்காகப் போட்ட கன்டென்சர் இழைப்பு மெஷினுக்குச் சரிவராது. பம்ப் ஒரே சுமையில் ஓடும். இழைப்பு மெஷினில் பலகை நுழைந்ததும் சுமை சட்டென்று ஏறும். ஒரு முனை இல்லாதபோது மிச்ச முனைகளில் கரண்ட் கூடிக் காயில் கொதித்துவிடும்.

பக்கத்து நிலத்துப் பெரியப்பா பார்க்க வந்தார். “மோட்டார் போனா காயில் கட்டிக்கலாம்டா. இலவச மின்சாரத்துல பட்டறை நடத்துறோம்னு பேர் வந்தா, அது ஊருக்கே கெட்ட பேரு. பெருமாநல்லூர்ல எதுக்குச் செத்தாங்கன்னு தெரியுமா உனக்கு?” என்றார்.

படித்துத் தெரிந்துகொண்டேன். யூனிட்டுக்கு ஒரு பைசா உயர்வை எதிர்த்து நின்ற விவசாயிகளில் மூன்று பேர் 1970 ஜூன் 19-ல் பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். அந்தப் போராட்டங்களின் தொடர்ச்சியாகத்தான் பிற்பாடு நமக்கு இலவச மின்சாரம் வந்தது. அதில் நான் கட்டில் இழைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

சட்டமும் சும்மா விடாது. 2003-ம் வருட மின்சாரச் சட்டத்தின் 126-வது பிரிவுப்படி, அனுமதித்த காரியத்துக்கு இல்லாமல் வேறு வேலைக்கு மின்சாரம் எடுத்தால், அந்த வேலைக்குரிய கட்டணத்தைப்போல இரண்டு மடங்கு போடுவார்கள். எப்போதிலிருந்து எடுத்தோம் என்று தெரியாவிட்டால், 12 மாதத்துக்குக் கணக்குப் போடுவார்கள்.

பிறகு பட்டறைக்கென்று தனி மும்முனை இணைப்பு கேட்டு மின்வாரியத்தில் எழுதிக் கொடுத்தேன். குடிசைத் தொழில், குறுந்தொழிலுக்குத் தனிக் கட்டணப் பிரிவு இருக்கிறது. உங்கள் வேலை எதில் வரும் என்று பிரிவு அலுவலகத்தில் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். கம்பத்திலிருந்து பட்டறை எவ்வளவு தூரம் என்பதையும் மெஷின் வாங்கும் முன்பே அளந்து பாருங்கள்.

சின்ன மெஷின் போதும் என்பவர்களுக்கு வேறு வழி உண்டு. ஒருமுனை இணைப்பு 4 கிலோவாட் சுமை வரைதான். 3 எச்.பி. என்பது சுமார் 2.2 கிலோவாட். வி.எஃப்.டி. என்ற கருவி ஒருமுனையை வாங்கி மும்முனையாகக் கொடுக்கும். ஆனால், அது கொடுப்பது 230 வோல்ட். 415 வோல்ட்டுக்கு ஸ்டாரில் கட்டிய 3 எச்.பி. மோட்டாரை, ஆறு முனையும் வெளியே இருந்தால், டெல்டாவுக்கு மாற்றி இதில் ஓட்டலாம். 5 எச்.பி. மோட்டார்கள் பெரும்பாலும் 415 வோல்ட்டுக்கே டெல்டாவில் இருக்கும். அவற்றுக்கு இது உதவாது. மோட்டாரின் தகட்டைப் படிக்காமல் காசு கொடுக்காதீர்கள்.

இன்னும் மூன்று விஷயம். சிங்கிள் பேஸ் பிரிவென்டர் இல்லாமல் ஓட்டாதீர்கள். கரண்ட் போய்த் திரும்ப வந்தால் கிணற்று மோட்டார் தானாக ஓடலாம், இழைப்பு மெஷின் ஓடக் கூடாது. கை உள்ளே இருக்கும். ஆட்டோ ஸ்விட்ச் வேண்டாம், நோ-வோல்ட் காயில் உள்ள ஸ்டார்ட்டரே போடுங்கள். லைனில் வேலை பார்த்த பிறகு, பலகை இல்லாமல் ஒரு முறை ஓட்டி, சுற்றும் திசையைப் பாருங்கள். தலைகீழாகச் சுற்றினால், மெயினை நிறுத்திவிட்டு ஏதாவது இரண்டு வயரை மாற்றிப் போட்டால் சரியாகிவிடும்.

காயில் கட்டிய அதே மோட்டார்தான் இன்றும் ஓடுகிறது. அப்பா வைத்த வேம்பு இப்போது எங்கள் வீட்டுத் தலைவாசல் கதவு. பட்டறைக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை மின்கட்டணம் கட்டுகிறேன். கிணற்று லைனில் தண்ணீர் மட்டும்தான் வருகிறது.