கரட்டை நிரவ வேண்டாம், தம்பி

குரும்பலூர்,
மார்கழி 20.

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நானும் மாமாவும் பிள்ளைகளும் சுகம். சின்னவளுக்கு இருமல் என்றாயே, தேவலையா? துளசியும் மிளகும் தட்டிக் கஷாயம் வைத்துக் கொடுக்கச் சொல்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதில் இரண்டு விஷயம் மனதைவிட்டுப் போகவில்லை. ஒன்று, லீவுக்குப் போய்வந்த யெல்லோஸ்டோன் காட்டில் நீங்கள் பார்த்த ஓநாய். இன்னொன்று, பங்குனியில் ஊருக்கு வரும்போது உன் பங்குக்கு வந்த ஓடைக்கரைக் கரட்டை ஜேசிபி வைத்து நிரவி, வேலி போட்டுவிடலாம் என்றது. நீ இரண்டையும் தனித்தனியாகத்தான் சொன்னாய். எனக்கு இரண்டும் ஒரே பேச்சாகத் தெரிகிறது. போனில் சொன்னால் சண்டை போடுவதுபோல் ஆகிவிடும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ அனுப்பிய படங்களைப் பெரியவன் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிக் காட்டினான். அந்தக் காட்டைப் பற்றிப் படித்துச் சொல்லச் சொன்னேன். 1926-ல் அங்கிருந்த கடைசி ஓநாய்களையும் கொன்று தீர்த்திருக்கிறார்கள். 1995-லும் 1996-லும் கனடாவிலிருந்து 31 ஓநாய்களைப் பிடித்துவந்து விட்டிருக்கிறார்கள். அப்போது வடக்குப் பக்கத்து எல்க் மான் கூட்டம் மட்டும் 19,000 இருந்ததாம். 2013-ல் நாலாயிரத்துக்கும் கீழே வந்துவிட்டது. ஓநாய் வந்த பிறகு லாமார் பள்ளத்தாக்கில் கொயோட் என்கிற நரி பாதியாகக் குறைந்து, அதன் வாயிலிருந்து இன்னொரு மானின் குட்டிகள் பிழைத்தன. கேட்கக் கேட்க நெஞ்சு நிறைந்தது. ஆனால் எல்லாவற்றையும் ஓநாய் கணக்கில் எழுதக்கூடாது என்று அங்குள்ள ஆராய்ச்சிக்காரர்களே சொல்கிறார்களாம். கரடி, மலைச்சிங்கம், வறட்சி, வேட்டை எல்லாமும் மானைக் குறைத்தன. ஓடைக்கரை மரங்கள் எவ்வளவு தழைத்தன என்பதில் இன்னும் வாதம் நடக்கிறது.

"நம்ம பக்கம் மயிலும் பன்றியும் எலியும் இந்தப் பாடு படுத்துதே, நாலு நரியைக் கொண்டுவந்து விட்டா என்னக்கா?" என்று கேட்டாயே, அதற்குப் பதில்தான் இந்தக் கடிதம்.

நீ மூணாவது படிக்கிற வரைக்கும் நம் வீட்டுத் திண்ணையில் படுத்தால் நரி ஊளை கேட்கும். பச்சைமலைப் பக்கம் ஒன்று ஆரம்பிக்கும், ஏரிக்கரையில் ஒன்று எடுக்கும், ஓடைக்கரையில் முடியும். நீ என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு தூங்குவாய். ஒரு ஐப்பசியில் ஒரே வாரத்தில் மூன்று ஆட்டுக்குட்டி போயிற்று. மூன்று குட்டி என்றால் அந்த வருஷத்துத் தீபாவளித் துணி முழுக்க. அப்பா, பாதி தின்று போட்டிருந்த குட்டியின் வயிற்றில் குருணை மருந்தைக் கொட்டி, கரட்டு மேட்டில் போட்டுவிட்டு வந்தார். விடியற்காலை அவரோடு நானும் போனேன். இரண்டு குள்ளநரி. ஒரு கீரி. நாலைந்து காக்கை. நம் நாய் மணி வாயில் நுரையோடு களத்துமேட்டு வரைக்கும் வந்து விழுந்துகிடந்தது. நீ மணிக்காக அழுதது எனக்கு நினைவிருக்கிறது. அப்பா அன்றைக்கு முழுதும் சாப்பிடவில்லை. ஆனால் மறுவருஷமும் வைத்தார். ஊரில் எல்லோரும் வைத்தார்கள். ஊளை நின்றுபோனது எந்த வருஷம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. நின்றதை யாரும் கவனிக்கவில்லை.

இன்றைக்கு நிலைமை என்ன தெரியுமா? ஆவணியில் மக்காச்சோளம் ஊன்றிக்கொண்டு போனால், பின்னாலேயே மயில் வரிசை பிடித்துக் கொத்திக்கொண்டு வருகிறது. மேலக்கொல்லையில் இந்த வருஷம் இரண்டு தடவை விதை வாங்கி ஊன்றினேன். பழைய புடவை எல்லாம் வேலியில்தான் கிடக்கின்றன. செட்டிகுளம் முருகன் வாகனம் என்று யாரும் கல்லைக்கூட ஓங்குவதில்லை, ஓங்கவும் வேண்டாம். ஆனால் மயில் தரையில் முட்டையிடுகிற பறவை. அந்த முட்டையையும் குஞ்சையும் முன்பு நரியும் கீரியும் உடும்பும் காட்டுப்பூனையும் பங்கு போட்டுக்கொண்டன. நரியை மருந்து வைத்துத் தீர்த்தோம், உடும்பைக் குழம்பு வைத்துத் தீர்த்தோம். நரி இல்லாதது ஒன்றே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். வருஷம் முழுக்கப் பயிர், தண்ணீர், ஒளிந்துகொள்ளச் சீமைக்கருவேலம் எல்லாம் மயிலுக்கு நாம்தான் செய்து கொடுத்தோம். எலியும் அப்படித்தான். மக்காச்சோளத் தட்டையில் ஏறிக் கதிரைக் கடிக்கிறது. ஊரில் மருந்து வைக்கிறார்கள். மருந்து தின்று தள்ளாடுகிற எலியைத்தானே கூகை சுலபமாகப் பிடிக்கும்? எலியோடு கூகையும் போகிறது.

நரி போன இடம் காலியாகவும் இல்லை. நாய் வந்து உட்கார்ந்துவிட்டது. கோழிக்கடைக் கழிவைச் சாலையோரம் கொட்டுகிற இடத்தில் பதினைந்து இருபது நாய். வேப்பந்தட்டை, சித்தளிப் பக்கத்துக் காப்புக்காடுகளிலிருந்து கோடையில் தண்ணீர் தேடி இறங்குகிற புள்ளிமான்களை அவைதான் துரத்திக் கடித்துப் போடுகின்றன. தப்பியது கிணற்றில் விழுகிறது, இல்லாவிட்டால் திருச்சி ரோட்டில் அடிபடுகிறது. நரி பசிக்குக் கொல்லும். நாய்க்கூட்டம் பசியில்லாவிட்டாலும் துரத்தும். போதாக்குறைக்கு நாயின் வெறிநோயும் டிஸ்டெம்பரும் நரிக்கும் ஒட்டும்.

பன்றிக்கு நரி பதில் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். வளர்ந்த பன்றியை அடிக்கச் சிறுத்தை வேண்டும், செந்நாய் வேண்டும். நம் பக்கத்து மேலப்புலியூரில் பெயரில்தான் புலி. 2024 ஏப்ரலில் மயிலாடுதுறையில் ஒரு சிறுத்தை நடமாடி, பிறகு செந்துறையில் ஆஸ்பத்திரி கேமராவில் தெரிந்ததே, அந்த வாரம் இங்கே பொழுது சாய்ந்தால் பிள்ளைகளை யாரும் வெளியே விடவில்லை. நானும்தான் விடவில்லை. அந்தப் பயத்தை அறியாமை என்று தள்ளக்கூடாது. காட்டை ஒட்டி வாழ்கிறவளுக்கு அது நியாயமான பயம். மிருகத்தைக் கொண்டுவருகிறவர்கள் முதலில் அவளிடம் வந்து பேச வேண்டும்.

கொண்டுவந்து விடுவது எவ்வளவு பெரிய வேலை என்பதற்கு நம் நாட்டிலேயே கதை இருக்கிறது. மத்தியப் பிரதேசத்தில் பன்னா காட்டில் 2009 வாக்கில் ஒரு புலிகூட மிஞ்சவில்லை. கள்ளவேட்டைதான். வேறு காடுகளிலிருந்து இரண்டு பெண்புலிகளைக் கொண்டுவந்தார்கள். நவம்பரில் பெஞ்ச் காட்டிலிருந்து ஓர் ஆண்புலியைக் கொண்டுவந்து விட்டார்கள். கொஞ்ச நாள்தான் இருந்தது. பிறகு தெற்கே பார்த்து நடக்க ஆரம்பித்துவிட்டது, தான் பிறந்த பெஞ்ச் இருக்கிற திக்கில். வயல், ரோடு, ஊர் எல்லாம் கடந்து 400 கிலோமீட்டருக்கு மேல். யானைகளோடு வனத்துறை ஆட்கள் ஒரு மாதம் பின்னாலேயே போய், டிசம்பர் 25-ஆம் தேதி மயக்க ஊசி போட்டுத் திரும்பக் கொண்டுவந்தார்கள். மறுபடி ஓடிவிடாமல் இருக்கப் பெண்புலியின் மூத்திரத்தைக் காட்டில் தெளித்து வைத்தார்களாம். அடுத்த ஏப்ரலில் முதல் குட்டிகள் பிறந்தன. இன்று பன்னாவில் புலிகள் நிறைந்திருக்கின்றன. இதைப் பெரியவன் படித்துக் காட்டியபோது எனக்குக் கண் கலங்கியது. அந்தப் புலிக்குத் தன் வீட்டு வழி யாரும் சொல்லாமலே தெரியும்போல.

அதே மாநிலத்துக் குனோ காட்டில் சிவிங்கிப்புலிகளை விட்ட செய்தி உனக்கும் தெரிந்திருக்கும். 1952-ல் இந்தியாவில் அற்றுப்போனதாக அறிவித்த மிருகம். 2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து 8, மறுவருஷம் பிப்ரவரியில் தென்னாப்பிரிக்காவிலிருந்து 12. ஒன்று காட்டைவிட்டு வெளியேறி ஊர்க் கொல்லைகளில் திரிந்தது. 2023 மழைக்காலத்தில் கழுத்துப்பட்டைக்கு அடியில் புண்ணாகிப் புழு வைத்துச் சில செத்தன என்று மருத்துவர்கள் சொன்னார்கள். இவ்வளவு பணமும் ஆளும் இருந்தும் இத்தனை பாடு. நீயும் நானும் நாலு நரியைப் பிடித்துக் கோணியில் கட்டி வந்து விட முடியாது. 1972 வனவிலங்குச் சட்டத்தில் அது குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும், மருந்தும் மின்கம்பியும் நாயும் இருக்கிற இடத்தில் கொண்டுவந்து விடுவது அதைக் கொல்லக் கொண்டுவருவதுதான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கார்த்திகைக் கடைசியில் மழை விட்டதும் ஆட்டுக்கு இலந்தைத் தழை ஒடிக்கக் கரட்டுப் பக்கம் போனேன். பாறை மேல், நடுவாக, கை விரல் நீளத்துக்கு ஒரு எச்சம். நாயுடையது இல்லை. குச்சியால் பிரித்துப் பார்த்தேன். இலந்தைக் கொட்டை ஆறேழு, வண்டின் பளபளத்த சிறகு ஓடு, சாம்பல் நிறத்தில் எலி மயிர், ஒரு நண்டின் கால். ஓடையை ஒட்டிய ஈர மண்ணில் நாய்க்காலைவிடச் சின்னதாக, ஒடுக்கமாகக் கால்தடம். அதைப் பிடித்துக்கொண்டே போனால் பழைய கள்ளிப்புதருக்குப் பின்னால் வளை. ஒரு வாய் அல்ல, மூன்று வாய். ஒன்றின் முன்னால் புது மண் தள்ளியிருந்தது.

மறுநாள் பொழுது சாய்கிற நேரம் மாமாவையும் கூட்டிக்கொண்டு காற்றுக்கு எதிர்ப்பக்கமாக உட்கார்ந்தேன். குள்ளநரி இல்லை, குழிநரி. அம்மாவின் ஊர் வாழப்பாடிப் பக்கம் வங்காநரி என்பார்கள். பூனையைவிடக் கொஞ்சம் உயரம். பெரிய காது. வால் நுனி கறுப்பு. வளை வாயில் நின்று எங்கள் திசையில் ஒரு நிமிஷம் பார்த்தது, பிறகு மக்காச்சோளக் கொல்லைக்குள் போய்விட்டது. அம்மா சொல்வாள் இல்லையா, பொங்கலுக்கு வலை போட்டு வங்காநரியைப் பிடித்து, கோயிலைச் சுற்றி ஓட்டி, அதன் முகத்தில் முழித்தால் அந்த வருஷம் விளைச்சல் நன்றாக இருக்கும் என்று. வாய் கட்டி விரட்டுவது பாவம், வனத்துறை தடுப்பது சரிதான். ஆனால் அந்த நம்பிக்கையை நான் விடமாட்டேன். எலியையும் வண்டையும் தின்கிற ஒன்று கொல்லையில் இருந்தால் விளைச்சல் நன்றாகத்தான் இருக்கும்.

யாரும் கொண்டுவரவில்லை தம்பி. இத்தனை வருஷம் கழித்து அதுவாக வந்திருக்கிறது, அல்லது நம் கண்ணில் படாமல் இங்கேயே இருந்திருக்கிறது. அதற்கு வேண்டியது நாலு கள்ளிப்புதரும் தோண்டுகிற பதத்தில் கொஞ்சம் மேட்டு மண்ணும்தான். சுற்றுவட்டாரத்தில் மற்றக் கரடெல்லாம் பிளாட்டாகவும் கல் குவாரியாகவும் போய்விட்டது. உன் எண்பது சென்ட் மிஞ்சியிருக்கிறது. குழிநரி மாசி பங்குனியில்தான் குட்டி வைத்துக் காக்கும். நீ ஜேசிபி கொண்டுவருவதாகச் சொல்லும் மாதம் அதுதான். இரும்புக் கை அந்த வளையில் இறங்கும்போது உள்ளே குட்டிகள் இருக்கும்.

கோழி போகும், தெரியும். போன வாரமே ஒரு பெட்டைக்கோழி குறைந்தது. கூட்டுக்குக் கம்பி வலை அடித்துவிட்டோம். ஆட்டுக்குட்டியை இரவில் பட்டிக்குள் அடைக்கிறோம். எலி மருந்தை இந்த வருஷம் வாங்கவே இல்லை, மாமா கொல்லையில் டி வடிவத்தில் குச்சி நட்டிருக்கிறார், இரண்டு நாளாகக் கூகை வந்து உட்காருகிறது. பக்கத்துக் கொல்லைக்காரர் பன்றிக்காக மின்கம்பி இழுக்கப் போவதாகச் சொன்னார். மனுஷனும் சாவான் அண்ணே என்று மாமா போய்ப் பேசி நிறுத்தியிருக்கிறார். அப்பா வைத்த மருந்துக்கு நாம் செய்ய முடிகிற ஈடு இவ்வளவுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

நீ அந்த நிலத்தில் தென்னை வைக்க ஆசைப்படுவது தப்பில்லை. அதனால் ஒன்று கேட்கிறேன். ஓடைக்கு இந்தப் பக்கம் கிணற்றை ஒட்டி என் பங்கில் முப்பது சென்ட் இருக்கிறது. நல்ல மண், தண்ணீர் பாயும். அதை நீ எடுத்துக்கொள், கரட்டை என் பேருக்கு மாற்றிக்கொடு. மாமா சம்மதித்துவிட்டார். ஜேசிபிக்காரருக்கு முன்பணம் கொடுத்திருந்தால் நான் பேசி வாங்கிக்கொள்கிறேன்.

பங்குனியில் பிள்ளைகளோடு வா. சாயங்காலம் எல்லோரும் கிணற்று மேட்டில் உட்கார்ந்து சத்தம் போடாமல் பார்க்கலாம். கடிதம் கிடைத்ததும் போன் பண்ணி, நிரவவில்லை அக்கா என்று ஒரு வார்த்தை சொல்.

இப்படிக்கு,
உன் அக்கா.