வில்லாகும் முன் ஒரு பயணம்

அமெரிக்காவின் டெக்சஸ், ஓக்லஹோமா பக்கத்து மரமான ஓசேஜ் ஆரஞ்சுக்கு வில் செய்பவர்களிடையே தனி மதிப்பு. அது கிடைக்காத ஊர்க்காரர்கள் ஆறடிக் கட்டையாகப் பார்சலில் வரவழைக்கிறார்கள்.

அனுப்புகிறவரின் வேலை பார்சல் கட்டுவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. மரத்தின் ஈரம் வெட்டுமுனை வழியாகத்தான் வேகமாக வெளியேறும். முனை காய்ந்து சுருங்கும், நடுப்பகுதி ஈரமாகவே இருக்கும். அந்த இழுபறியில் நாரோட்டத்தோடு வெடிப்பு ஓடிவிடும். நல்ல கட்டை ஒன்று இப்படி வீணாவதைப் பார்க்க மனசு தாங்காது. அதனால் இரு முனைகளிலும் மரப்பசையோ மெழுகோ தடிப்பாகப் பூசுகிறார்கள். பட்டையை உரித்திருந்தால் முதுகுப் பக்கத்துக்கும் பூச்சு உண்டு. உரிக்காமல் அனுப்பினால் பட்டைக்கடியில் இருக்கும் வண்டுப்புழுவும் கூடவே போய்ச் சேரலாம்.

பிறகு கனத்த அட்டைச் சுற்று. தூக்கிப் போடும்போது முனைதான் அட்டையைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும் என்பதால் அங்கே இரட்டை மடிப்பு. உள்ளேயும் ஒரு தாளில் விலாசம் எழுதி வைப்பது அருமையான பழக்கம்.

வில் கட்டைகள் எல்லை தாண்டுவது புதிதல்ல. வெனிஸ் முதலிய இடங்களிலிருந்து வரும் கப்பல்கள் டன் சரக்குக்கு நான்கு வில் கட்டைகள் கொண்டுவர வேண்டும் என்று 1472-இல் இங்கிலாந்து சட்டமே போட்டது.

கட்டை வந்து சேர்ந்ததும் வாங்கியவர் உடனே செதுக்க உட்காரக் கூடாது. புது ஊர்க் காற்றுக்குப் பழக, சில வாரங்கள் நிழலில் கிடக்க விட வேண்டும்.