கொலுசு கறுத்தால் உடம்பு சரியில்லையா? ஆம்பூர் காற்றைக் கேளுங்கள்!

சேலம் கொலுசு. தீபாவளிக்கு வாங்கும்போது பளபளவென்று இருந்தது. பொங்கலுக்குள் கறுத்துவிட்டால், வீட்டில் இரண்டே காரணம்தான் சொல்வார்கள். ஒன்று, கடைக்காரர் கலப்பட வெள்ளியைத் தலையில் கட்டிவிட்டார். இன்னொன்று, போட்டிருப்பவளுக்கு உடம்பு சரியில்லை. இந்த இரண்டாவதுதான் வேதனை. அதிலும் கல்யாணமாகி வந்த புதுப்பெண் என்றால் 'பித்த உடம்பு', 'சூட்டு உடம்பு' என்று ஆளாளுக்கு வைத்தியம் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள்.

ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தையல் வேலை பார்க்கும் ஒரு பெண்ணுக்கு இதுதான் நடந்தது. டேனரிக்குப் பின்னால், கழிவுநீர்க் கால்வாயை ஒட்டிய வீடு. மாமியார் முதலில் கடையைத் திட்டினார். அப்புறம் மருமகளின் உடம்பைச் சந்தேகப்பட்டார். ரத்தப் பரிசோதனை வரை போனது. எல்லாம் நார்மல். பிறகுதான் கவனித்தார்கள், யார் உடம்பிலும் படாமல் பூஜை அலமாரியில் இருந்த வெள்ளி விளக்கும் குங்குமச் சிமிழும்கூடக் கறுத்திருந்தன. விளக்குக்கு ஏது பித்தம்?

வெள்ளிக்கு ஆகாதது கந்தகம். காற்றில் ஹைட்ரஜன் சல்பைடு வாயு துளி இருந்தாலும் வெள்ளி அதோடு சேர்ந்து, மேலே கறுப்பாக ஒரு படலம் கட்டும். அதன் பெயர் வெள்ளி சல்பைடு. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை பக்கம் பச்சைத் தோலிலிருந்து முடியை நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு சேர்ப்பார்கள். அந்தத் தண்ணீர் பின்னால் அமிலம் கலந்த கழிவோடு சேர்ந்தால் இந்த வாயு கிளம்பும். பஸ்ஸில் போகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்ளும் அழுகிய முட்டை நாற்றம் அதுதான். வியர்வையும் ஈரமும் கறுப்பதை வேகப்படுத்தும், உண்மை. ஆனால், அது நோய்க்கு அடையாளம் இல்லை.

இன்னொரு எதிரி வீட்டுக்குள்ளேயே இருக்கிறது: ரப்பர் பேண்ட். ரப்பரிலும் கந்தகம் உண்டு. கொலுசு ஜோடி பிரியக் கூடாது என்று ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைத்தால், அந்த இடம் மட்டும் கறுத்துப்போகும்.

டூத்பேஸ்ட் போட்டுத் தேய்ப்பதுதான் பல வீடுகளில் வழக்கம். பளிச்சென்றுதான் ஆகும். ஆனால் பேஸ்ட்டில் இருக்கும் அரைக்கும் பொருள் கறுப்போடு கொஞ்சம் வெள்ளியையும் சுரண்டி எடுக்கிறது, கீறலும் விழும். அதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் அலுமினியம் ஃபாயிலை விரித்து, கொலுசை அதில் படும்படி வையுங்கள். ஒரு ஸ்பூன் ஆப்ப சோடா, ஒரு சிட்டிகை உப்பு போட்டு, கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றுங்கள். சில நிமிடங்களில் கறுப்பு கரையும். வெள்ளியைப் பிடித்திருந்த கந்தகத்தை அலுமினியம் பிடுங்கிக்கொள்ள, வெள்ளி வெள்ளியாகவே திரும்பிவிடும். சுரண்டல் இல்லை, எடையும் குறையாது. பிறகு நல்ல தண்ணீரில் அலசி, ஈரம் போகத் துடைக்க வேண்டும். கல் பதித்தது, எனாமல் வேலை செய்தது, டிசைனுக்காகவே கறுப்பு ஏற்றிய ஆக்சிடைஸ்டு வெள்ளி ஆகியவற்றுக்கு இந்த முறை கூடாது.

அந்தப் பெண் செய்தபோது கிண்ணத்திலிருந்து லேசாக ஒரு வாடை வந்தது. வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கால்வாயின் அதே வாடை. வாயுவும் அதேதான். கிண்ணத்தில் வருவது மிகச் சொற்பம், ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும். மூடிய தொட்டிக்குள் தேங்கினால் கதையே வேறு. அளவு கூடும்போது மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. ஆபத்து போய்விட்டது என்று நினைக்கும் நேரத்தில்தான் ஆளைச் சாய்க்கும். தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கியவர்கள் விஷவாயு தாக்கி இறந்த செய்தி இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. தோல் கழிவு தொடர்பாக வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது 1996-ல். கொலுசு கறுத்தால் மருமகளைப் பார்ப்பதை விட்டுவிட்டு, முதலில் கால்வாயைப் பார்க்கலாம்.

தங்கத்துக்கு இந்தத் தொல்லை குறைவு. சுத்தத் தங்கத்தைக் கந்தக வாயு ஒன்றும் செய்யாது. ஸ்ரீபுரம் பொற்கோயில் 2007-லிருந்து வெயிலிலும் மழையிலும் மின்னிக்கொண்டுதானே இருக்கிறது? நாம் போடும் 22 கேரட்டில் 91.6 சதவிகிதம்தான் தங்கம், மீதி பெரும்பாலும் செம்பும் வெள்ளியும். லேசாக மங்குவது அதனால்தான். தாலிச் சங்கிலியில் சேர்வது பெரும்பாலும் மஞ்சளும் குங்குமமும் எண்ணெயும் வியர்வையும். வெதுவெதுப்பான தண்ணீரில் நாலு சொட்டு ஷாம்பூ அல்லது ஊறவைத்த பூந்திக்கொட்டைத் தண்ணீர், பத்து நிமிடம், குழந்தைகள் பல் தேய்க்கும் மெல்லிய பிரஷ். அவ்வளவு போதும். கருகமணி நூலில் கோத்ததாக இருந்தால் ஊறவைக்காதீர்கள், நூல் இற்றுப்போகும்.

அரக்கு அடைத்த பழைய நகையை வெந்நீரில் போடவே கூடாது. உள்ளே இருக்கும் அரக்கு இளகிவிடும். பின்பக்கம் மூடிய கெம்பு அட்டிகைக்குள் தண்ணீர் இறங்கினால் கல்லின் பளபளப்பு போய்விடும். ஈரத்துணியால் மேலாகத் துடைத்தாலே போதும். முத்துக்கும் பவளத்துக்கும் புளியும் எலுமிச்சையும் எமன், இரண்டும் அமிலத்தில் கரையக்கூடியவை.

கடைசியாக, தெருவில் 'நகை பாலிஷ்' என்று வருகிறவர்கள். திராவகத்தில் முக்கி எடுப்பார்கள், தங்கம் அதில் கரைந்து போய்விடும். நகையை மஞ்சள் தூளில் புதைத்து டப்பாவில் மூடி, "அரை மணி நேரம் கழித்துத் திறங்கம்மா" என்று கொடுத்துவிட்டுக் கிளம்புவார்கள். அதற்குள் அவர்கள் அடுத்த ஊரில் இருப்பார்கள். கடையிலேயே பாலிஷ் கொடுத்தாலும், கொடுக்கும்போது ஒரு எடை, வாங்கும்போது ஒரு எடை. இரண்டையும் உங்கள் கண் முன்னால் போடச் சொல்லி, போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.