கழுவாத பழம்

அப்பா பழத்தைக் கழுவாதே என்றார். நான் கழுவினேன். நடந்தது இவ்வளவுதான். ஆனால் அந்த வியாழக்கிழமை இரவு நான் அவரிடம் பேசிய விதமும், சனிக்கிழமை மாலை நாலு பேர் முன்னால் பேசிய ஒரு பொய்யும் நான்கு வருடங்களாக என்னை விட்டுப் போகவில்லை.

அப்பா கம்பம் பள்ளத்தாக்கில் நாற்பது வருடம் திராட்சை போட்டவர். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய அதே பன்னீர் திராட்சைதான். அம்மா இறந்த பிறகு ஊரில் தனியாக இருக்க வேண்டாம் என்று நான்தான் வற்புறுத்தி ஓரிகன் மாநிலத்துக்கு அழைத்து வந்தேன். போர்ட்லாண்டை ஒட்டிய ஒரு சிறிய ஊரில் எங்கள் வீடு. ஜூலையில் இங்கே சூரியன் மறைய இரவு ஒன்பது மணி ஆகும். அந்த வெளிச்சத்தில் அவருக்குத் தூக்கம் வராது. ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு பக்கத்து வீட்டு ஆப்பிள் மரத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். தோட்டம் இல்லாமல் அவர் கை சும்மா இருந்து நான் பார்த்தது அப்போதுதான்.

எங்கள் தெருவில் கோடையில் ஒரு சனிக்கிழமை எல்லோரும் ஆளுக்கொரு பண்டம் செய்துகொண்டு வந்து சேர்ந்து சாப்பிடுவோம். அந்த வருடம் நான் மரியன்பெரி காப்ளர் என்ற பழ இனிப்பு செய்வதாகச் சொல்லியிருந்தேன். அதற்குப் பழம் பறிக்கத்தான் வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு அப்பாவையும் ஒன்பது வயது மகனையும் சாவி தீவுக்குக் கூட்டிப்போனேன். வில்லமெட் ஆறு கொலம்பியா ஆற்றில் சேரும் இடத்தில் இருக்கும் வண்டல் மண் தீவு அது. நாமே தோட்டத்துக்குள் போய்ப் பறித்து, எடை போட்டுக் காசு கொடுத்துவிட்டு வரலாம்.

மரியன்பெரி ஒருவகைக் கருப்புப் பெரி. ஜார்ஜ் வால்டோ என்ற ஆராய்ச்சியாளர் செஹலம், ஒலாலி என்ற இரண்டு ரகங்களைக் கலந்து இங்கேயே உருவாக்கியது. 1956இல் விவசாயிகளுக்கு வெளியிட்டார்கள். சோதனைப் பயிர் அதிகமும் மரியன் மாவட்டத்தில் நடந்ததால் அந்தப் பெயர். தோல் மிக மெல்லியது. லாரியில் ஏற்றித் தொலைதூரம் அனுப்பினால் தாங்காது. அதனால் பெரும்பாலும் உறைய வைத்து விற்கிறார்கள். பச்சையாகத் தின்ன வேண்டுமென்றால் இந்தப் பக்கம் வந்தால்தான் உண்டு.

கொடிகளைக் கம்பியில் கட்டி வரிசை வரிசையாக நிறுத்தியிருந்ததைப் பார்த்ததும் அப்பாவின் நடையே மாறிவிட்டது. எங்கள் ஊரில் தலைக்கு மேலே பந்தல். இங்கே அதே பந்தலைச் செங்குத்தாக நிறுத்திய மாதிரி இருந்தது. “இதுக்குக் கவாத்து எப்பன்னு கேளு தாயி” என்றார். தோட்டக்கார அம்மாள் விளக்கினார். இந்த வருடம் முளைக்கும் தண்டு அடுத்த வருடம்தான் காய்க்கும். காய்த்து முடிந்ததும் பட்டுப்போகும். அதை அடியோடு வெட்டிவிட்டுப் புதுத் தண்டைக் கம்பியில் கட்டுவார்கள். நான் மொழிபெயர்க்கச் சொல்ல அப்பா தலையாட்டிக்கொண்டே கேட்டார். “நம்மதும் போன பருவத்துக் கொடியிலருந்துதான வருது” என்றார். அந்த அம்மாளுக்கு அதைச் சொன்னபோது அவர் அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

பறிக்கும்போதே எங்களுக்குள் ஒரு வித்தியாசம் தெரிந்தது. நான் பளபளவென்று மின்னும் பழங்களாகப் பார்த்துப் பறித்தேன். அப்பா மினுக்கம் போய், மங்கிக் கறுத்து, விரல் பட்டதும் கழன்று வரும் பழங்களை மட்டும் எடுத்தார். அவர் கூடையிலிருந்து ஒன்றை வாயில் போட்டேன். தேன். என்னுடையதில் ஒன்று தின்றேன், பல் கூசியது. இந்த வகைப் பழம் பறித்த பிறகு இனிக்காது. கொடியில் இருக்கும்போதே மினுக்கம் போகும்வரை காத்திருக்க வேண்டும். இந்தப் பழத்தை அன்றுதான் அவர் முதன்முதலாகப் பார்க்கிறார். எனக்கு இந்த ஊரில் பதினொரு வருடம் ஆகியிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் என் கூடைகளைத் தொட்டியில் கொட்டிக் குழாயைத் திறந்தேன். அப்பா பின்னால் வந்து நின்றார்.

“இப்பக் கழுவாத தாயி. என்னைக்குச் செய்யப்போறியோ அன்னைக்குக் கழுவிக்கலாம். தண்ணி பட்டா பழம் நிக்காது.”

“அப்பா, இது உங்க தோட்டம் இல்ல. இங்க எப்படின்னு எனக்குத் தெரியும். நீங்க போய் உக்காருங்க.”

சொன்ன வார்த்தைகளை எழுதிப் பார்த்தால் பெரிதாகத் தெரியவில்லை. சொன்ன தொனி வேறு. மகன் மேஜையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். அப்பா ஒன்றும் பேசவில்லை. தன் கூடையை மட்டும் எடுத்துக்கொண்டு கார் நிறுத்தும் அறைக்குப் போய்விட்டார்.

பெற்றோரை இங்கே வரவழைக்கும் நாங்கள் பலரும் செய்யும் தப்பு இது. வந்த நாளிலிருந்து அவர்களுக்கு எல்லாவற்றையும் நாம் சொல்லிக் கொடுக்கிறோம். குழாயை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும், அடுப்பை எப்படிப் பற்றவைக்க வேண்டும், சாலையை எங்கே கடக்க வேண்டும் என்று சொல்லிச் சொல்லி, ஒரு மாதத்தில் அவர்களுக்கு எதுவுமே தெரியாது என்று நம்ப ஆரம்பித்துவிடுகிறோம். நாற்பது வருடம் பழத்தோடு வாழ்ந்த மனிதருக்குப் பழத்தைப் பற்றிப் பாடம் எடுத்தேன் நான்.

கழுவிய பழங்களை ஈரத்தோடு பிளாஸ்டிக் டப்பாக்களில் அடைத்து மூடினேன். குளிர்பெட்டியில் இடம் போதவில்லை. இரண்டு டப்பாக்களைச் சமையல் மேடையிலேயே விட்டேன். சனிக்கிழமை காலையில் திறந்தபோது மேடையில் இருந்தவற்றில் சாம்பல் நிறத்தில் பஞ்சு மாதிரிப் பூஞ்சை. குளிர்பெட்டியில் இருந்தவை குழைந்து, அடியில் கறுப்புச் சாறு தேங்கிக் கிடந்தது. பூஞ்சை வித்து தோட்டத்திலிருந்தே பழத்தோடு வருகிறது. அதற்கு வேண்டியது ஈரமும் காற்றோட்டம் இல்லாத இடமும்தான். இரண்டையும் நானே கொடுத்தேன். திராட்சைக்காவது மேலே சாம்பல் பூத்த மாதிரி மெழுகுப் படலம் ஒன்று உண்டு. அதைக் கழுவினால் பழம் சீக்கிரம் கெடும் என்று எங்கள் ஊரில் தோட்டத்து வேலைக்கு வரும் சின்னப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரிந்ததுதான், ஒரு காலத்தில்.

அழுகை முட்டிக்கொண்டு நின்றபோது அப்பா இரண்டு பெரிய தட்டுகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். செய்தித்தாள் விரித்து, ஒன்றோடொன்று ஒட்டாமல் ஒரே அடுக்காகப் பரப்பிய பழங்கள். கார் அறையின் சிமெண்டுத் தரையில் இரண்டு இரவு வைத்திருந்திருக்கிறார். ஜூலையிலும் இரவு குளிர்ந்துவிடும் ஊர் இது. ஒரு பழம்கூட நசுங்கவில்லை. எடை போட்டேன், ஒரு கிலோவுக்குச் சற்றுக் கூட. “இது போதுமா பாரு” என்று மட்டும் சொன்னார்.

காப்ளர் என்பது அடியில் பழம், மேலே மாவு. கேக்கும் இல்லை, ‘பை’யும் (pie) இல்லை. மாவை உருண்டை உருண்டையாக மேலே வைத்துச் சுட்டால் கல் பாவிய தெரு மாதிரி மேடு பள்ளமாக வரும். அதிலிருந்துதான் பெயர் வந்தது என்பார்கள். 1839இல் லெட்டிஸ் பிரையன் எழுதிய ‘கென்டக்கி ஹவுஸ்வைஃப்’ என்ற சமையல் புத்தகத்திலேயே பீச் பழத்தில் செய்த காப்ளர் இருக்கிறது. மேற்கே குடியேறப் போனவர்களிடம் ஓவன் ஏது? கனத்த இரும்புச் சட்டியில் பழத்தைப் போட்டு, மேலே மாவை வைத்து மூடி, அடியிலும் மூடியின் மேலும் தணல் போட்டுச் சுட்டார்கள். இதை அப்பாவிடம் சொன்னபோது, “பிரியாணிக்குத் தம் போடுற மாதிரி” என்றார். அதேதான்.

முந்தைய வருடங்களில் இரண்டு முறை செய்து இரண்டு முறையும் கெடுத்திருந்தேன். முதல் முறை பேக்கிங் பவுடரும் ஆப்ப சோடாவும் ஒன்றுதான் என்று நினைத்து, பவுடர் போட வேண்டிய அளவுக்குச் சோடாவைக் கொட்டினேன். சோடாவுக்கு அதைவிட மூன்று நான்கு மடங்கு வீரியம். வாயில் சோப்புக் கசப்பு. பழச்சாறு பட்ட இடமெல்லாம் மாவு நீலமும் பச்சையுமாகத் திரிந்திருந்தது. பழத்தின் நிறத்துக்குக் காரணமான சாயம் காரத்தில் அப்படித்தான் மாறும். இரண்டாம் முறை மேலே பொன்னிறம், உள்ளே வேகாத மாவு. குளிர்ந்த பழத்தின் மேல் மாவை வைத்திருந்தேன். மேல்பாகம் சிவந்துவிட்டது, அடிப்பாகத்துக்குச் சூடு போய்ச் சேரவே இல்லை.

அந்தச் சனிக்கிழமை பொறுமையாகச் செய்தேன். பழத்தை அப்போதுதான் கழுவி, துணியில் ஒற்றினேன். ஒரு கிலோவுக்கு 150 கிராம் சர்க்கரை, மூன்று மேஜைக்கரண்டி சோளமாவு, ஒரு கரண்டி எலுமிச்சைச் சாறு, ஒரு சிட்டிகை உப்பு. கலந்து அகலமான கண்ணாடித் தட்டில் பரப்பி, 375 டிகிரி ஃபாரன்ஹீட்டில், அதாவது 190 செல்சியஸில், மாவு எதுவும் வைக்காமல் கால் மணி நேரம் பழத்தை மட்டும் சுட்டேன். ஓரத்தில் சாறு குமிழ் விட்ட பிறகுதான் மாவு.

மாவுக்கு 200 கிராம் மைதா, 50 கிராம் சர்க்கரை, இரண்டு தேக்கரண்டி பேக்கிங் பவுடர், கால் தேக்கரண்டி சோடா, உப்பு. இதில் குளிர்பெட்டியிலிருந்து எடுத்த 90 கிராம் வெண்ணெயை விரல் நுனியால் உதிர்த்துவிட வேண்டும். அங்கங்கே பட்டாணி அளவு கட்டி நிற்கலாம், நிற்கத்தான் வேண்டும். சூட்டில் அது உருகி விட்டுப்போகும் இடைவெளிதான் மாவை மிருதுவாக்குகிறது. பிறகு 150 மில்லி மோர். இந்த ஊர் மோர் நம் நீர்மோர் இல்லை, கடைந்த புளித்த தயிர் மாதிரி கெட்டியாக இருக்கும். கிடைக்காதவர்கள் இரண்டு பங்கு புளித்த தயிருக்கு ஒரு பங்கு தண்ணீர் விட்டு அடித்துக்கொள்ளலாம். சப்பாத்திக்குப் பிசைவதுபோல் அழுத்திப் பிசைந்தால் இறுகிவிடும். கரண்டியால் நாலு சுற்று, ஈரம் பிடித்தால் போதும். உடனே கொதிக்கும் பழத்தின் மேல் இடைவெளி விட்டு வைத்து, மேலும் 25 நிமிடத்திலிருந்து அரை மணி. வெளியே எடுத்ததும் யாரையும் தொட விடக்கூடாது. சூட்டில் சாறு ரசம் மாதிரி ஓடும். ஆற ஆறத்தான் சோளமாவு இறுகிச் சாறு கெட்டிப்படும். முக்கால் மணி நேரமாவது காத்திருக்க வேண்டும்.

நன்றாக வந்திருந்தது. மேலே மொறுமொறுப்பு, கீழே முழுசு முழுசாகப் பழங்கள். விருந்தில் முதலில் காலியானது என் தட்டுதான். இந்த மாநிலத்திலேயே பிறந்து வளர்ந்த ஒரு மூதாட்டி என் பக்கம் வந்து, மரியன்பெரி ஒரு நாள்கூடத் தாங்காதே, வியாழக்கிழமை பறித்ததை எப்படி இவ்வளவு நன்றாக வைத்திருந்தாய் என்று கேட்டார்.

நான் சொன்னேன்: கழுவாமல், காகிதத்தில் ஒரே அடுக்காகப் பரப்பிக் குளிர்ந்த தரையில் வைத்தேன்.

வைத்தேன் என்றேன். அப்பா எனக்கு இரண்டடி தள்ளி, கையில் தட்டோடு உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. அவரைக் காட்டி, என் அப்பா, திராட்சை விவசாயி, இது அவர் சொன்ன முறை என்று சொல்ல எனக்கு மூன்று விநாடி கூட ஆகியிருக்காது. அந்த மூதாட்டி அவரிடம் மகிழ்ந்து பேசியிருப்பார், நான் மொழிபெயர்த்திருப்பேன். ஆறு மாதத்தில் அவருக்கு அந்தத் தெருவில் கிடைத்திருக்கக்கூடிய ஒரே மரியாதை அது. அதை நான் எடுத்துக்கொண்டேன். வியாழக்கிழமை நான் கத்தியதுகூட வேலைக் களைப்பில் என்று சொல்லித் தப்பிக்கலாம். இதற்குச் சொல்ல ஒரு காரணமும் இல்லை.

இரவு படுக்கப் போகும்போது மகன் கேட்டான். “அம்மா, பேப்பர்ல வச்சது தாத்தாதானே?”

“ஆமாடா” என்றேன். அவன் வேறெதுவும் கேட்கவில்லை.

அப்பா அக்டோபரில் ஊருக்குத் திரும்பிவிட்டார். அதன் பிறகு ஒவ்வொரு ஜூலையிலும் பழம் பறித்தேன், கழுவாமல் பரப்பினேன், காப்ளர் செய்தேன். அவரிடம் மட்டும் சொல்லவில்லை. போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் சொல்லிவிட்டேன். கழுவியது, கத்தியது, அந்த அம்மாளிடம் பொய் சொன்னது எல்லாவற்றையும். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

“அன்னைக்கே தெரியும் தாயி. நீ பேசும்போது தாளு விரிச்ச மாதிரி கையைக் காட்டுன. பழத்தப் பத்தித்தான் கேக்குறாங்கன்னு புரிஞ்சுச்சு.” பிறகு கேட்டார், “இப்பக் கழுவாமத்தான வைக்கிற?”

அந்த வாரமே மூதாட்டியின் வீட்டுக்குப் போய் அவரிடமும் உண்மையைச் சொன்னேன். மகனையும் கூட்டிப்போனேன்.

இந்த வருடம் அப்பா மறுபடி வருகிறார். ஜூன் 26ஆம் தேதி மதுரையில் விமானம் ஏறுகிறார். ஜூலை முதல் வாரத்தில் சாவி தீவில் பழம் பறிக்க ஆரம்பிப்பார்கள்.