குளிசை எண்ணுகிற படிப்பு

லண்டனில் எங்கள் ஆட்களின் வீடுகளில், பிள்ளை ஏ லெவல் எடுக்கிற வருசம் ஒரு வரிசை பேசப்படும். மெடிசின் கிடைத்தால் மெடிசின், இல்லையென்றால் பல் வைத்தியம், அதுவும் சரிவராவிட்டால் பார்மசி. நானும் அந்த வழியாகத்தான் பார்மசிக்குப் போனேன். "குளிசை எண்ணுறதுக்கு நாலு வருசப் படிப்போ?" என்று மாமா கேட்டார். யாழ்ப்பாணத்து நெல்லியடியில் அவர் பார்த்த மருந்துக்கடை அப்படி. டொக்டரின் துண்டைக் கொடுத்தால் குளிசையை எண்ணிக் காகித உறையில் போட்டு, காலை ஒன்று இரவு ஒன்று என்று சொல்லித் தருவார்கள்.

இங்கே 1997இலிருந்து அது நான்கு வருடப் பட்டம். அதன்பிறகு ஒரு வருடம் மருந்தகத்திலோ ஆஸ்பத்திரியிலோ பயிற்சி, கடைசியில் பதிவுச் சோதனை. அந்தச் சோதனையை மூன்று முறைக்கு மேல் எடுக்க விடமாட்டார்கள். அதன் முதற் பகுதி முழுக்கக் கணக்கு. பெருக்கலும் வகுத்தலும் விகிதமும்தான், கடினமான கணிதம் ஒன்றுமில்லை. ஆனால் ஒரு தசமப் புள்ளி இடம் மாறினால் மருந்து பத்து மடங்காகும்.

பிரிட்டிஷ் தேசிய மருந்துக் கையேடு 1949இலிருந்து வெளிவருகிறது. மருந்தின் அளவை எப்படி எழுதவேண்டும் என்று அதில் சொல்லியிருப்பதை முதல் வருடத்திலேயே மனப்பாடம் செய்தோம். மைக்ரோகிராம் என்பதைச் சுருக்கக்கூடாது, முழுதாக எழுதவேண்டும். அரைக் கிராமைத் தசமத்தில் எழுதாமல் 500 மில்லிகிராம் என்று எழுதவேண்டும். வெறும் எழுத்து ஒழுங்கு என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு ஒரு விரிவுரையில் 1998இல் நடந்த ஒரு மரணத்தைப் பற்றிச் சொன்னார்கள். பிறந்து சில நாளேயான குழந்தை. வயிற்றுவலிக்குப் பெப்பர்மின்ற் தண்ணீர் எழுதப்பட்டிருந்தது. அதைக் கலந்தது ஒரு பயிற்சி மாணவர். இரட்டைச் செறிவுக் குளோரோபோம் நீரைச் சேர்க்கவேண்டிய இடத்தில், அதைவிடப் பலமடங்கு செறிவான மூலக் கரைசல் போய்விட்டது. குழந்தை பிழைக்கவில்லை. கலந்தவர் எங்களைப்போல ஒருவர் என்பதால் அன்று மண்டபத்தில் ஒருவரும் கதைக்கவில்லை.

ஆனால் எனக்குக் கடினமாக இருந்தது கணக்கும் இரசாயனமும் அல்ல. டொக்டர் எழுதியதைச் சந்தேகத்தோடு வாசி என்று நாலு வருடமும் சொல்லிக்கொடுத்தார்களே, அதுதான். நான் வளர்ந்த ஊரில் டொக்டர் வீட்டுக்கு வந்தால் கதிரையைத் துடைத்துப் போடுவோம். அவர் எழுதினால் அதுதான் மருந்து. இங்கே சட்டமும் தொழில் ஒழுக்கமும் வேறு கதை சொல்கின்றன. டொக்டர் தவறாக எழுதி, பார்மசிஸ்ட் அதைக் கவனிக்காமல் கொடுத்தால், கொடுத்தவரும் பொறுப்பாளி. மருந்து நோயாளியின் கைக்குப் போகுமுன் அதைப் பார்க்கிற கடைசி ஆள் அவர்.

பயிற்சி வருடத்தில் ஒரு பின்னேரம், மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் எடுக்கிற ஒரு வயதான ஆங்கிலேய அம்மாவுக்குச் சிறுநீர்த் தொற்றென்று ட்ரைமெத்தோப்ரிம் எழுதி வந்தது. தனித்தனியே இரண்டும் நல்ல மருந்துகள். ஆனால் இரண்டுமே உடலில் ஃபோலிக் அமிலத்தின் வேலையைத் தடுப்பவை. சேர்ந்தால் எலும்பு மச்சை இரத்த அணுக்களை உண்டாக்குவதை நிறுத்திவிடக்கூடும். மேற்பார்வை செய்த பார்மசிஸ்ட் தொலைபேசியை என் பக்கம் தள்ளி, "நீயே கதை" என்றார். என் வாழ்க்கையில் ஒரு டொக்டரிடம் "இதை மாற்றவேண்டும்" என்று சொன்னது அன்றுதான் முதல்முறை. அவர் கொஞ்சம் மௌனமாக இருந்தார். பிறகு நோயாளியின் சிறுநீரகப் பரிசோதனை முடிவைப் பார்த்து, நைட்ரோஃபியூரான்டோயினுக்கு மாற்றி எழுதி, நன்றியும் சொன்னார். கோபம் எதுவும் இல்லை. அவருக்கும் அது வழக்கமான வேலை. எனக்குத்தான் அது ஒரு பெரிய மதிலைத் தாண்டியதுபோல இருந்தது.

மருந்தைப் பற்றிக் கேள்வி கேட்பது மேற்கிலிருந்து வந்த பழக்கம் என்று நம்மில் சிலர் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலே, 1971இல் தொடங்கிய இலங்கை அரச மருந்துக் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவர். ஒரே மருந்தைப் பத்துக் கம்பனி பத்துப் பெயரில் விற்க ஒரு ஏழைநாடு ஏன் காசு கொடுக்கவேண்டும் என்று கேட்டவர். தேவையான மருந்துகளைத் தெரிந்தெடுத்து, கம்பனிப் பெயரில் அல்லாமல் மருந்தின் பொதுப்பெயரில், மொத்தமாக வாங்கினால் போதும் என்று செய்துகாட்டினார். இன்று இங்கிலாந்தில் என் மேசைக்கு வருகிற மருந்துச்சீட்டுகளில் பெரும்பாலானவை பொதுப்பெயரில்தான் வருகின்றன. இலங்கையிலிருந்து வந்து இங்கே பார்மசி படிக்கிற பிள்ளைகள் அவரைத் தெரிந்திருக்கவேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

பாடத்திட்டத்தில் இல்லாத வேலையும் உண்டு. ரமழான் நோன்புக் காலத்தில் நீரிழிவு மருந்தை எப்படி மாற்றி எடுப்பது என்று எங்களுக்குப் படிப்பித்தார்கள். கந்தசஷ்டி விரதத்தைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. நீரிழிவுக்குக் கிளிக்லசைட் எடுக்கிற அம்மாமார் ஆறு நாளும் விரதம் இருந்து, குளிசையை மட்டும் தவறாமல் போடுவார்கள். சீனி சடாரென்று இறங்கிவிடும். இப்போது ஐப்பசி பிறந்தவுடனேயே, "இந்தமுறை சஷ்டி பிடிக்கிறீங்களோ அம்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் மருந்தைக் கொடுக்கிறேன். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுக்கிறவர்களிடம் கீரையைப் பற்றிக் கேட்கவேண்டும். கீரையை விடவேண்டியதில்லை; ஒரு கிழமை நிறையச் சாப்பிட்டு அடுத்த கிழமை அறவே விடுவதுதான் இரத்தம் உறைகிற அளவைக் குழப்பும். சைவக்காரர் கப்சியூலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தால், விலங்கிலிருந்து எடுக்கிற ஜெலற்றின் பற்றித்தான் யோசிக்கிறார் என்று தெரியும். கேட்கக் கூச்சப்பட்டு, வீட்டுக்குக் கொண்டுபோய் அலுமாரியில் வைத்துவிடுவார்கள். நாமே முந்திக்கொண்டு சொன்னால், பல மருந்துகளுக்கு வேறு வடிவம் தேடிக் கொடுக்கலாம்.

படிப்பு இப்போது மாறிக்கொண்டிருக்கிறது. 2021இல் வந்த புதிய கல்வி நியமங்களின்படி, 2026இலிருந்து புதிதாகப் பதிவு பெறுகிறவர்கள் முதல் நாளிலிருந்தே மருந்து எழுதவும் உரிமை பெறுவார்கள். நல்ல மாற்றம் என்றே நினைக்கிறேன். ஆனால் ஒன்றில் உறுதியாக இருக்கிறேன்: எழுதுகிறவரும் சரிபார்த்துக் கொடுக்கிறவரும் ஒரே ஆளாக இருக்கக்கூடாது. ஆள் போதாத கடைகளில் அந்த எல்லை மங்கிவிடுமோ என்பது என் கவலை.

பிள்ளையைப் பார்மசிக்கு விடலாமோ என்று கேட்கிற தாய்தகப்பனிடம் இரசாயனப் புள்ளியைக் கேட்பேன். அதற்குமேல், பெரியவர்கள் சொன்னாலும் பிழையென்று பட்டால் பிள்ளை வாய்திறக்குமா என்றும் கேட்பேன். "அதையேன் கேக்கிறாய் தம்பி, வீட்டில ஒருத்தரையும் விடமாட்டாள், எல்லாத்துக்கும் ஏன் எதுக்கெண்டு நிண்டுகொண்டு கேப்பாள்" என்று அண்மையில் ஒரு அக்கா முறைப்பட்டார். யோசிக்காமல் விடுங்கோ அக்கா என்றேன்.